ஆட்டுக்குட்டிக் கேக்கின் தலை ஏன் விழுகிறது? இரட்டை அச்சுக் கேக்குக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் எனக்கு வந்து சேரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. இரண்டு பாதிகள் கொண்ட அச்சில் சுட்ட ஆட்டுக்குட்டி உருவக் கேக்கின் உடல் தட்டில், பக்கத்தில் அதன் தலை. இல்லையென்றால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். முகம் அச்சுக்குள்ளேயே ஒட்டிக்கிடக்கிறது. கூடவே வரும் கேள்வியும் மாறுவதில்லை: "வேறு எந்த அச்சு வாங்கலாம்?"

வேறு அச்சு வாங்க வேண்டாம். நான் பார்த்துச் சரிசெய்த கேக்குகளில் அச்சின் குற்றம் மிக அரிது. மாவுக் கலவை, அச்சின் உள்ளே தடவும் கொழுப்பு, ஆறவைக்கும் நேரம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் காரணம் இருக்கும். மூன்றையும் காசில்லாமல் திருத்திக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு குறைக்கும் கீழே செலவில்லாத சோதனையை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள். முயல், கரடி, கோழி என எந்த உருவத்துக்கும் இது பொருந்தும். அதிகம் கேட்கப்படுவது ஆட்டுக்குட்டி என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

## முதலில்: உங்கள் அச்சு எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே போகாதீர்கள். ஒரு வகைக்குச் சொன்ன தீர்வு மற்ற வகையைக் கெடுத்துவிடும்.

படுக்கும் அச்சு. ஒரு பாதியில் முகமும் உடலின் முன்பக்கமும், மற்றதில் முதுகுப்பக்கமும் இருக்கும். முகப் பாதியை முகம் கீழே இருக்கும்படி வைத்து, அதில் மட்டும் கலவையை ஊற்றி, முதுகுப் பாதியை மூடிபோலக் கவிழ்த்துச் சுட வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஈரி நகரில் இருந்த கிரிஸ்வோல்ட் நிறுவனத்தின் வார்ப்பிரும்பு ஆட்டுக்குட்டி இந்த வகை. நார்டிக் வேர் நிறுவனத்தின் வார்ப்பு அலுமினிய ஆட்டுக்குட்டியும் இதே வகைதான்.

நிற்கும் அச்சு. இடது, வலது என இரண்டு பாதிகள் கிளிப்பால் இணைந்திருக்கும், அடிப்பக்கம் திறந்திருக்கும். தலைகீழாக நிறுத்தி, அடிவாயின் வழியே கலவையை ஊற்ற வேண்டும். பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஈஸ்டருக்குச் சுடும் 'லமாலா' என்னும் ஆட்டுக்குட்டிக் கேக்கின் சுடுமண் அச்சு இப்படிப்பட்டது. அங்கே சுஃப்லென்ஹைம் என்னும் குயவர் ஊரில் இன்றும் அதைச் செய்கிறார்கள். ஜெர்மனியின் தகர அச்சுகளும் இதே அமைப்பில்தான் வருகின்றன. வில்டன் நிறுவனத்தின் நிற்கும் கரடி அச்சும் இப்படியே. அதன் நடுவில் வெப்பத்தை உள்ளே கொண்டுசெல்ல ஓர் உலோகத் தண்டும் உண்டு.

## தலை கழன்று விழுகிறது

எப்போது விழுந்தது என்பதுதான் முதல் கேள்வி. அதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

### அச்சைத் திறக்கும்போதே விழுந்தால்

நேரத்தைப் பாருங்கள். ஓவனிலிருந்து எடுத்த உடனே திறந்தீர்களா? சூடான கேக்கின் உள்பகுதி இன்னும் இறுகியிருக்காது. கழுத்தால் தலையைத் தாங்க முடியாது. படுக்கும் அச்சை 10 முதல் 15 நிமிடம் அப்படியே விட்டு, முதலில் முதுகுப் பாதியை மட்டும் தூக்குங்கள். ஆவி வெளியேற மேலும் 5 நிமிடம் கொடுங்கள். பிறகு கேக்கின் மேல் மடித்த துண்டையும் கம்பித் தட்டையும் வைத்து, மொத்தமாகத் திருப்பி, முகப் பாதியை நேர்மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் அசைத்துக் கழற்றினால் முதலில் ஒடிவது கழுத்துதான்.

நேரம் சரியாக இருந்தும் விழுந்ததா? ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமாக, பிசுபிசுப்பாக, பளபளப்பாக இருந்தால் கேக் வேகவில்லை. கீழே 'வெளியே கருகல், உள்ளே பச்சை' என்ற பகுதிக்குப் போங்கள். உலர்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தால் கலவை இலேசானது; மாற்ற வேண்டிய கலவையை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

### நிறுத்திவைத்துச் சில மணி நேரத்தில் விழுந்தால்

கேக் முழுதாக ஆறுவதற்குள் நிறுத்தியிருப்பீர்கள். தொட்டால் சூடில்லை என்பதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். நடு உடலில் சூடு நீண்ட நேரம் தங்கும். முதுகின்மேல் மல்லாந்து படுத்த நிலையில் குறைந்தது நான்கு மணி நேரம் கிடக்கட்டும். முந்தின நாள் மாலையில் சுட்டு, இரவு முழுவதும் படுக்கவைத்து, மறுநாள் காலையில் அடியைச் சமமாக வெட்டி நிறுத்துவதே நல்லது. கேக் ஒரு நாளில் இறுகி, கத்திக்கும் கிரீமுக்கும் தாங்கும்.

ஆறிய பிறகும் விழுகிறது என்றால் கலவையை மாற்ற வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பெட்டியில் வரும் மிருதுவான கேக் மிக்ஸ், எண்ணெய் ஊற்றிச் செய்யும் ஷிஃபான், ஈரம் மிகுந்த சாக்லேட் கேக் ஆகியவை தட்டையான பாத்திரத்துக்கு ஏற்றவை. கழுத்துள்ள உருவத்துக்கு ஏற்றவை அல்ல. பவுண்ட் கேக் கலவைதான் வேண்டும். மைதா, வெண்ணெய், சர்க்கரை, ஓடு நீக்கிய முட்டை ஒவ்வொன்றும் 225 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. முட்டை நான்கு அல்லது ஐந்து பிடிக்கும். இதில் கிடைக்கும் கலவை ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். உங்கள் அச்சுக்கு எவ்வளவு தேவை என்பதை அளக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

அல்சாஸில் முட்டையை அடித்து நுரையாக்கிச் செய்யும் பஞ்சுக் கேக்கைத்தானே ஊற்றுகிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். அந்த அச்சின் ஆடு உட்கார்ந்த நிலையில், தடித்த கழுத்தோடு இருக்கும். கேக்கின் எடையும் குறைவு. மேலே ஐசிங் சர்க்கரையைச் சலித்துவிட்டு, வத்திக்கானின் மஞ்சள் வெள்ளைக் கொடியையோ அல்சாஸின் சிவப்பு வெள்ளைக் கொடியையோ செருகிவிடுவார்கள். கிரீமின் எடையே அதன்மேல் ஏறுவதில்லை. அந்தக் கலவையை எடுத்து மெல்லிய கழுத்துள்ள வேறோர் அச்சில் ஊற்றி, மேலே அரை கிலோ பட்டர் கிரீமையும் பூசினால் தாங்காது.

முட்டையில்லாமல் வேண்டும் என்பவர்களுக்கு: கண்டென்ஸ்டு மில்க் சேர்த்த கலவை, தலை உடலோடு ஒட்டிப் படுத்திருக்கும் உருவங்களுக்குப் போதும். தலை தூக்கி நிற்கும் உருவத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முட்டைதான் அங்கே எலும்பு.

### குச்சி வைத்தும் விழுந்தால்

குச்சி வைத்த இடம் தவறு. பலரும் கேக் வெந்த பிறகு உச்சந்தலையில் ஒரு குச்சியைக் குத்துகிறார்கள். அந்தத் துளையே விரிசலின் தொடக்கமாகிவிடுகிறது. குச்சி கலவையோடு சேர்ந்து வேக வேண்டும். படுக்கும் அச்சில் முகப் பாதியைப் பாதி அளவு நிரப்பிய பிறகு, ஒரு மூங்கில் குச்சியைத் தலையின் நடுவிலிருந்து கழுத்து வழியாக உடலுக்குள் நீளவாக்கில் கிடத்துங்கள். ஒவ்வொரு காதுக்கும் ஒரு பல்குச்சி, காதின் நுனிக்குச் சற்று உள்ளே தொடங்கித் தலைக்குள் முடியட்டும். அதன்மேல் மீதிக் கலவையை ஊற்றுங்கள். குச்சி அச்சின் சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடத்தில் கேக்கின் மேல்தோல் பிளந்து, குச்சி வெளியே எட்டிப்பார்க்கும்.

எத்தனை குச்சி வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். வெட்டும்போது அத்தனையும் திரும்பி வர வேண்டும். குழந்தைகள் காதைத்தான் முதலில் கேட்பார்கள். கவனித்துக்கொள்ள முடியாது என்றால் காதுக்குக் குச்சியே வேண்டாம்.

### நாளைக் காலை விருந்து, தலை இப்போது கையில் இருக்கிறது

உடலையும் தலையையும் தனித்தனியாகக் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். உடலின் கழுத்தில் இரண்டு மூங்கில் குச்சிகளைச் சற்றே சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் செருகுங்கள். ஒரே குச்சி என்றால் தலை அதைச் சுற்றித் திரும்பும். முறிந்த இரு பரப்புகளிலும் கெட்டியான பட்டர் கிரீமைத் தடவித் தலையைப் பொருத்துங்கள். படுக்கவைத்த நிலையில் மறுபடி குளிரவையுங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு ரிப்பன் கட்டிவிட்டால் ஒட்டுவேலை தெரியாது. அமெரிக்க, ஜெர்மன் ஆட்டுக்குட்டிகள் பலவற்றின் கழுத்தில் நீங்கள் பார்க்கும் ரிப்பன் இந்த வேலையையும் செய்கிறது. இந்தக் கேக்கை வெயிலில் வைக்காதீர்கள்; கிரீம் இளகினால் குச்சி மட்டும் போதாது.

## முகமோ காதோ அச்சிலேயே தங்கிவிடுகிறது

### எப்போதும் அதே இடத்தில் ஒட்டினால்

கொழுப்பு அங்கே போய்ச் சேரவில்லை. விரலால் தடவினால் காதின் மூலைக்கும் மூக்கின் குழிக்கும் எட்டாது. முனை மெலிந்த ஒரு பிரஷ் எடுத்து, அச்சை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்துத் தடவுங்கள். பூசிய இடம் மங்கலாகவும் விட்ட இடம் பளிச்சென்றும் தெரியும். கம்பளி மயிரின் ஒவ்வொரு சுருளுக்குள்ளும் பிரஷ் முனை போக வேண்டும். இரு பாதிகளும் சந்திக்கும் விளிம்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காது கிழிவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

### இடம் மாறி மாறி ஒட்டினால்

என்ன தடவுகிறீர்கள் என்று பாருங்கள். உருக்கிய வெண்ணெயில் நீரும் பால் திடப்பொருளும் இருக்கின்றன. நீர் ஆவியாகிறது, பால் சத்து சுவரில் ஒட்டிக் கருகுகிறது. எண்ணெயை மட்டும் தடவினால் அது வழிந்து கீழே, அதாவது முகத்தில் தேங்கிவிடும். நெய்யில் நீர் இல்லை. அது வெண்ணெயைவிட நன்றாக வேலைசெய்யும். ஆனாலும் நான் நம்புவது ஒரு பசையை. வனஸ்பதி, எண்ணெய், மைதா மூன்றையும் சம அளவில் எடுத்துக் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான சுவரிலும் நிற்கும், வழியாது. புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். தனியாக மாவு தூவ வேண்டியதில்லை. தூவிய மாவு காது நுனியில் கட்டிக்கொண்டு வெள்ளைப் புள்ளியாக வருவதும் நிற்கும்.

தெளிப்பான் டப்பாவில் வரும் எண்ணெயைப் பயன்படுத்துகிறீர்களா? ஒட்டாத பூச்சுள்ள அச்சில் அது நாளடைவில் பழுப்பு நிறப் பிசினாகப் படிந்துவிடும். விரலை ஓட்டிப் பார்த்தால் வழுக்காமல் இழுக்கும். அந்தப் பிசின்தான் கேக்கைப் பிடிக்கிறது. வெந்நீரும் பாத்திர சோப்பும் ஊற்றி ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். எஃகு நார் வேண்டாம், பூச்சு போய்விடும்.

### முன்பு ஒட்டாத அச்சு இப்போது ஒட்டினால்

ஆறவைத்த நேரம் நீண்டிருக்கலாம். ஒரு மணி நேரம் அச்சுக்குள்ளேயே கிடந்த கேக்கில் ஆவி நீராகிச் சுவரில் படியும், சர்க்கரையும் இறுகும். கத்தியை விட்டு நெம்பாதீர்கள். மூடிய அச்சை 150 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துச் சூடேற்றி, மறுபடி முயலுங்கள். கொழுப்பு இளகினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

வார்ப்பிரும்பு அச்சு என்றால் உள்ளே துருவோ சாம்பல் நிறத் திட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணெய்ப் பதம் போயிருக்கிறது. துருவைத் தேய்த்தெடுத்து, கழுவி, அடுப்பில் காட்டி ஈரத்தை முழுதும் போக்கி, சமையல் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, துணியால் துடைத்தெடுத்து, 230 டிகிரியில் ஒரு மணி நேரம் காய்ச்சுங்கள். தோசைக்கல்லைப் பழக்கியவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. எண்ணெய் தடித்தால் பிசுக்காகிவிடும். அதனால்தான் துடைக்கச் சொல்கிறேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒட்டினால், பூச்சு உரிந்திருக்கும். உரிந்த பூச்சைத் திரும்பப் பூச வீட்டில் வழியில்லை. அப்போதுதான் புதிய அச்சு.

### முகம் ஏற்கெனவே போய்விட்டது

அச்சில் தங்கிய துண்டை மெதுவாக வழித்தெடுத்து, கிரீமால் ஒட்டி வையுங்கள். நொறுங்கிவிட்டால் அந்தக் கேக்கின் துகள்களோடு கொஞ்சம் கிரீமைப் பிசைந்து மூக்கை வனைந்துகொள்ளலாம். காதுகளுக்குப் பாதாம் பாதிகள், அல்லது மர்சிபான் என்னும் பாதாம் சர்க்கரைப் பசை. உடல் முழுக்க உலர் தேங்காய்த் துருவலை ஒற்றிவிட்டால் சிறு குறைகள் மறையும்.

## முதுகு நிரம்பவில்லை, அல்லது தலையின் பின்பக்கம் தட்டையாக இருக்கிறது

கலவை போதவில்லை. அச்சோடு வந்த தாளில் உள்ள அளவை நம்புவதைவிட, ஒருமுறை அரிசியால் அளந்துகொள்ளுங்கள். நிற்கும் அச்சை இணைத்துத் தலைகீழாக நிறுத்தி அரிசியால் நிரப்பி, அதைப் பிறகு அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். படுக்கும் அச்சில் இரண்டு பாதிகளையும் தனித்தனியாக நீரால் அளந்து கூட்டலாம். பவுண்ட் கேக் என்றால் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஆறு பங்கு கலவை. பஞ்சுக் கேக் என்றால் மூன்றில் இரண்டிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை. அந்த எண்ணை அச்சின் பெட்டிமேல் எழுதி வையுங்கள். பத்தில் ஆறு பங்கு என்பது பெரும்பாலான படுக்கும் அச்சுகளில் முகப் பாதி ஏறக்குறைய விளிம்புவரை நிரம்பும் அளவு. பாதியோடு நிறுத்துகிறவர்களின் கேக்தான் முதுகில்லாமல் வருகிறது.

அளவு சரி, இருந்தும் நிரம்பவில்லையா? பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சீறிப் பொங்க வேண்டும். பொங்கவில்லை என்றால் தூக்கி எறியுங்கள். அதுவும் சரி என்றால், கலவை ஓவனுக்குப் போகும் முன் காத்திருந்ததா என்று பாருங்கள். அச்சைத் தயார் செய்துவிட்டுத்தான் கலவையைத் தொட வேண்டும்.

## கலவை இடுக்கின் வழியே வழிகிறது

சிறிதளவு கசிவது குறையே அல்ல. இடுக்கில் ஒரு சொட்டு வந்து வெந்ததும் அதுவே அடைப்பாகிவிடும். கீழே ஒரு தட்டு வையுங்கள், போதும்.

மேல் பாதியே தூக்கிக்கொண்டு பெருகி வழிந்தால், ஒன்று அளவு மிகுதி, இல்லையென்றால் பாதிகளைக் கட்டவில்லை. படுக்கும் அச்சின் முதுகுப் பாதி சும்மா உட்கார்ந்திருக்கும்; பொங்கும் கலவை அதைத் தூக்கிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் இரண்டு இடங்களில், கழுத்தருகே ஒன்று, வால்பக்கம் ஒன்று எனச் சுற்றி முறுக்குங்கள். பருத்தி நூலும் போதும். ஆனால் சூட்டுக் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நைலான் கலந்த நூல் கூடாது.

நிற்கும் அச்சில் தொடக்கத்திலிருந்தே ஒழுகினால் விளிம்பில் பழைய கேக் துகள் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான். இல்லையென்றால் கிளிப் தளர்ந்திருக்கும். காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் எஃகுக் கிளிப்புகள் அவசரத்துக்கு உதவும், பிளாஸ்டிக் பிடியில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். விளிம்பே வளைந்திருந்தால் இரண்டு பாதிகளையும் சமமான கிரானைட் மேடையில் வைத்து எந்த இடம் தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். தகரத்தை மரச் சுத்தியலால் தட்டி நேராக்கலாம். வார்ப்பு அலுமினியத்தைத் தட்டினால் உடைந்துவிடும். மாவும் நீரும் பிசைந்த பசையால் இடுக்கை வெளியிலிருந்து அடைத்துச் சமாளியுங்கள்.

## வெளியே கருகல், உள்ளே பச்சை

இந்த உருவங்களில் காது விரல் தடிமன், வயிறு உள்ளங்கை அகலம். இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது. ஆகவே சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுவதே முதல் வேலை. 180ல் சுட்டுக்கொண்டிருந்தால் 165க்கு வாருங்கள். நேரம் ஒரு மணியைத் தாண்டினாலும் அஞ்ச வேண்டாம். அச்சு கறுப்பு நிறமாக இருந்தாலும், ஓவனில் விசிறி ஓடினாலும் சூட்டை இன்னும் சற்றுக் குறைக்கலாம்.

எந்த இடத்தில் குத்திப் பார்க்கிறீர்கள்? தலையில் குத்திச் சுத்தமாக வந்தால் அதற்குப் பொருளில்லை. தலைதான் முதலில் வேகும். முதுகுப் பாதியில் ஆவித்துளை இருந்தால் அதன் வழியாக நீண்ட மூங்கில் குச்சியை வயிற்றின் நடுவுக்கு விடுங்கள். நிற்கும் அச்சில் அடிவாயின் வழியே விடலாம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 97 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். படுக்கும் அச்சை முதல் 40 நிமிடத்துக்குள் திறந்து பார்க்காதீர்கள். மேல் பாதியைத் தூக்கினால் வேகாத மயிர்ச் சுருள்கள் அதோடு பிய்ந்து வந்துவிடும்.

முகம் மட்டும் கருகினால்: படுக்கும் அச்சில் முகம் கீழ்க் கம்பிக்கு நேராக இருக்கிறது. அச்சை ஒரு தட்டின்மேல் வையுங்கள், அந்தத் தட்டை நடுத்தட்டில் வையுங்கள். நிற்கும் அச்சில் அடிப்பக்கம் கருகினால் மேல் கம்பிதான் காரணம். நம் வீடுகளில் இருக்கும் ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின் ஓவன்களில் இது அடிக்கடி நடக்கும். அச்சுக்கும் மேல் கம்பிக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டராவது வேண்டும். அவ்வளவு இடமில்லை என்றால் மேல் கம்பியை அணைத்துவிட்டுக் கீழ்க் கம்பியில் மட்டும் சுடுங்கள், அடிவாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். அச்சு வாங்கும் முன் ஓவனின் உட்புற உயரத்தை அளப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் தொடர்ந்தால், சில நூறு ரூபாய்க்கு ஓர் ஓவன் வெப்பமானி வாங்கி நடுத்தட்டில் தொங்கவிடுங்கள். 175ல் வைத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் என்றால் குமிழை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளுங்கள். 25 டிகிரிக்கு மேல் விலகினாலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் காட்டினாலோ சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போய்விட்டது. அதை நீங்கள் திறக்க வேண்டாம். ஓவன் பழுதுபார்க்கும் தொழிலாளரைக் கூப்பிடுங்கள். உடலில் தொட்டால் 'சுர்' என்று மின்சாரம் தெரிகிற ஓவனுக்கு இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நேராக அழைத்துவிடுங்கள்.

## முகத்தில் குழிகள்

காற்றுக் குமிழி. முதல் இரண்டு கரண்டிக் கலவையை ஊற்றியதும் நிறுத்தி, சின்னக் கரண்டியின் பின்பக்கத்தால் மூக்கிலும் காதிலும் அழுத்தித் தேய்த்துவிட்டு, பிறகு மீதியை ஊற்றுங்கள். மேடையில் மடித்த துணி போட்டு அச்சை நாலு முறை தட்டுங்கள். பஞ்சுக் கேக் கலவையைத் தட்டக்கூடாது, நுரை அமுங்கிவிடும். அதற்குக் குச்சியால் கிளறினால் போதும்.

## நிற்காமல் சாய்கிறது

அடி சமமாக இல்லை. முழுதும் ஆறிய பிறகு, கேக்கை அச்சின் முதுகுப் பாதியிலேயே கிடத்திக்கொண்டு, ரம்பக் கத்தியால் அடியை வெட்டுங்கள். அச்சின் விளிம்பே அளவுகோலாகும். வெட்டியும் முன்னால் சாய்ந்தால் தலையின் எடை கூடுதல் என்று பொருள். தட்டில் கிரீமைத் தடவி அதன்மேல் உட்காரவைத்து, முன்பக்கத்தின் கீழே ஒரு மெல்லிய கேக் துண்டைச் செருகுங்கள். பச்சை நிறம் ஏற்றிய தேங்காய்த் துருவலைப் புல்லாகப் பரப்பினால் அது தெரியாது.

## அச்சிலேயே கோளாறு: எங்கே நிறுத்த வேண்டும்

கைப்பிடி உடைந்த, கிளிப் மாட்டும் காது ஒடிந்த அலுமினிய அச்சுக்குப் பற்றவைப்பவரிடம் போவது வீண்செலவு. கம்பியால் கட்டிச் சமாளிக்கலாம். வார்ப்பிரும்பில் விரிசல் விழுந்திருந்தால் பித்தளை வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். அந்த ஒட்டுவேலை உணவுக்கானது அல்ல, அச்சைச் சுவரில் மாட்டிவிடுங்கள். விரிசலா கீறலா என்ற ஐயம் இருந்தால் அச்சை விரலில் தொங்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பு மணியாக ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். சுடுமண் அச்சையும் இப்படியே சோதிக்கலாம். சூடான சுடுமண்ணை ஈரமான மேடையில் வைக்காமல் இருந்தால் அது தலைமுறைகளுக்கு வரும்.

பழைய பொருள் கடையில் வாங்கியதென்றால் ஓவனில் வைப்பதற்கு முன் நின்று பாருங்கள். கனமாக, சாம்பல் நிறமாக, கீல் வைத்துத் திறக்கும் சிறிய விலங்கு அச்சுகள் பல, 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐஸ்கிரீமுக்காகப் பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவையில் செய்யப்பட்டவை. அந்தக் கலவையில் ஈயமும் கலந்திருக்கலாம். கேக் சுடும் சூட்டிலேயே உருகும் கலவைகளும் உண்டு. பழைய சாக்லேட் அச்சுகள் பல, தகரத்தில் செய்து, பற்றாசு என்னும் உருக்கி ஒட்டும் உலோகக் கலவையால் இணைத்தவை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். இவற்றில் கேக் சுடாதீர்கள். கிரிஸ்வோல்ட் 1957ல் மூடப்பட்டது. அதன் ஆட்டுக்குட்டியைப் பார்த்து அலங்காரத்துக்காக வார்த்த நகல்களும் சந்தையில் உண்டு. உள்ளே வண்ணமோ வார்னிஷோ பூசியிருந்தால், அல்லது அதில் யாராவது ஈயம் உருக்கினார்களோ என்ற ஐயம் இருந்தால், உலோகங்களைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கலவையை ஊற்ற வேண்டும். பரிசோதிக்க வசதியில்லை என்றால் அதை அலமாரியில் வைத்துவிட்டு, இன்றைக்கு உணவுக்கென்றே செய்து விற்கும் தகர அச்சு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.